கடல் வருமானத்தில் வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில். என் வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். நான் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எழுதுகிறேன். 2013 ஆகஸ்ட்டில் 10 லட்சம் வீட்டுக்கடன் வாங்கினோம். இருபது வருடத் தவணை, மாதம் 9,750 ரூபாய். 2024 மார்ச்சில் மீதியை மொத்தமாகக் கட்டிப் பத்திரத்தைத் திரும்ப வாங்கினோம். அதிலிருந்து பஸ்ஸில், மகளிர் குழுவில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கே பார்த்தாலும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதுகிறேன். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையில் கடன் வாங்கி வீடு கட்டியவர்களை மனதில் வைத்து எழுதியது.

கடலை நம்பியிருக்கிற குடும்பத்தால் கடனை முன்கூட்டியே அடைக்க முடியுமா, அக்கா?

முடியும். ஆனால் மாதச் சம்பளக்காரர் அடைக்கிற மாதிரி அடைக்க முடியாது. அவர்கள் மாதாமாதம் ஒரே தொகையைக் கூட்டிக் கட்டுவார்கள். நமக்கு மீன்பாடு கிடைத்தால் கையில் காசு, இல்லையென்றால் டீசலுக்கே இழுபறி. வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். அதிலும் காற்று மாறினால் கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கன் கிடையாது.

நாங்கள் கூடுதலாகக் கட்டியது வருடத்துக்குச் சராசரியாக 35,000 ரூபாய்க்குள்தான். இரண்டு வருடம் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டவில்லை. அப்படி இருந்தும் இருபது வருடக் கடன் பத்தரை வருடத்தில் முடிந்தது. பெரிய தொகை வரட்டும் என்று காத்திருக்காமல், வந்ததை வந்தபோதே அசலில் போட்டதுதான் காரணம்.

எதில் தொடங்குவது?

தடைக்காலத்தில் தொடங்குங்கள். இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதத் தவணையையும் வீட்டுச் செலவையும் தனியாக எடுத்து வைக்காமல் அசலில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பேங்கில் முன்கூட்டிக் கட்டிய பணம் நினைத்தபோது திரும்பி வராது. ஏப்ரல் வந்ததும், அசலில் பணம் போட்ட அதே ஆள் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்க நேரும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். வீட்டுக்கடனில் எட்டரை சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் போய் இதில் மாட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று பாருங்கள்.

நாங்கள் கடன் வாங்கியபோது தடைக்காலம் 45 நாள்தான். மே கடைசியில் படகு இறங்கிவிடும், பள்ளி திறக்கும்போது கையில் கொஞ்சம் காசு இருக்கும். 2017-ல் அதை 61 நாளாக்கினார்கள். அந்த ஜூனில்தான் எங்கள் கணக்கு முழுதாக உடைந்தது. பள்ளி திறந்துவிட்டது, பீஸ் கட்ட வேண்டும், புத்தகம், யூனிபார்ம், ஜூன் தவணை, எல்லாம் ஒரே வாரத்தில் வந்தது. படகு கரையில் கிடக்கிறது. என் தாலிச் செயினை அடகு வைத்துத்தான் அந்த மாதத்தைத் தாண்டினோம்.

அடுத்த மாதமே பேங்கில் பத்து மாத ஆர்டி (மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு) போட்டேன். ஜூலையில் தொடங்கும், மாதம் 4,000. ஏப்ரலில் கடைசித் தவணை கட்டி மே மாதம் கைக்கு வரும்போது வட்டி சேர்த்து 40,000-க்கு மேல் இருக்கும். அதற்குப் பெயரே எங்கள் வீட்டில் ‘தடைப் பணம்’. சின்னவன்கூட அப்படித்தான் சொல்வான். தடைக்காலம் முடிந்து ஆர்டியில் மிச்சம் இருந்தால் அது அசலுக்குப் போகும்.

அரசு தரும் தடைக்கால நிவாரணம் முன்பு 5,000 ரூபாயாக இருந்தது, இப்போது 8,000. மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்தில் நாம் 1,500 ரூபாய் கட்டினால் அரசுப் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகக் கிடைக்கும். இரண்டையும் வாங்குங்கள். ஆனால் இன்ன தேதிக்கு வரும் என்று வைத்துத் தவணைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

முன்கூட்டிக் கட்டினால் பேங்கில் அபராதம் போடுவார்களா?

தனிநபர் பெயரில் உள்ள, வட்டி மாறக்கூடிய வீட்டுக்கடனுக்குப் போடக் கூடாது. 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி இதைத் தடுத்துவிட்டது. வட்டி மாறாத கடன் என்றால் நிபந்தனை வேறாக இருக்கும், உங்கள் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் பெரும்பாலானவர்கள் வாங்கியிருப்பது வட்டி மாறுகிற கடன்தான்.

மூவாயிரம், ஐயாயிரம் கட்டி என்ன ஆகப்போகிறது?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 15 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். தவணை 13,017 ரூபாய். முதல் மாதம் அதில் 10,625 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,392 ரூபாய்தான். ஆரம்ப வருடங்களில் நாம் கட்டுவதெல்லாம் வட்டிக்குத்தான் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இதில் மாதம் 3,000 கூட்டிக் கட்டினால் அது முழுவதும் அசலில் கழியும். 20 வருடக் கடன் 12 வருடம் 10 மாதத்தில் முடிந்துவிடும். வட்டியில் மட்டும் ஏறக்குறைய ஆறரை லட்சம் மிச்சம்.

மாதாமாதம் முடியாது, ஒருமுறைதான் ஒரு லட்சம் போட முடியும் என்கிறீர்களா? முதல் வருட முடிவில் போட்டால் 34 தவணை குறையும். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாவது வருட முடிவில் போட்டால் 11 தவணைதான் குறையும். தொகை ஒன்றுதான், போட்ட காலம்தான் வேறு. அதனால்தான் கடன் வாங்கிய புதிதில் இருக்கிறவர்களிடம் இன்னும் அக்கறையாகச் சொல்கிறேன்: ஐந்தாயிரம் என்றாலும் இப்போதே போடுங்கள்.

எங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்தான் கட்டுகிற மாதம். தடை முடிந்து படகு இறங்கியதும் முதல் சில பாடுகளில் இறால் நன்றாகப் படும். பங்குக் காசு கைக்கு வந்ததும் மறுநாளே நான் ராமநாதபுரம் பஸ்ஸில் பையோடு போய்விடுவேன். வீட்டில் இரண்டு நாள் இருந்தால் அந்தக் காசுக்கு நூறு வேலை வந்துவிடும்.

கூடுதலாகக் கட்டியதும் தவணைத் தொகையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

காலத்தை. இதில் நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். 2015-ல் 40,000 ரூபாய் கட்டினோம். பேங்கில் எங்களைக் கேட்காமலே தவணையைக் குறைத்து, காலத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மாதம் நானூறு ரூபாய் குறைந்ததைப் பார்த்து நாங்களும் சந்தோஷப்பட்டோம். எட்டு மாதம் கழித்துக் கடன் கணக்கு அறிக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் கடன் முடிகிற தேதி 2033 ஆகஸ்ட்டிலேயே நிற்பது தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு முறையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: “இந்தத் தொகையை அசலில் கழித்துக்கொண்டு, தவணையை மாற்றாமல், காலத்தைக் குறைக்கவும்.” நகலில் சீல் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அறிக்கை எடுத்து, முடிகிற தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

தவணையே கழுத்தை நெரிக்கிறது, மாதாமாதம் தாமதமாகிறது என்றால் மட்டும் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். அதில் தப்பில்லை. தவணை தவறினால் சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) கெடும், அபராதமும் ஏறும்.

வட்டி குறைந்தால் என்ன செய்ய வேண்டும்?

2019 அக்டோபருக்குப் பிறகு பேங்கில் வாங்கிய, வட்டி மாறுகிற வீட்டுக்கடன் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் தரும் வட்டி) சேர்ந்து ஏறி இறங்கும். 2025-ல் மட்டும் ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறங்கியது. அப்படி இறங்கும்போது பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள். கைக்காசு கூடுதலாகப் போடாமலே காலம் குறையும். பழைய முறையில் வாங்கிய கடன் என்றால் ரெப்போ முறைக்கு மாற்றிக் கேளுங்கள். சின்னக் கட்டணம் இருக்கலாம், கொடுத்தாலும் பலன் உண்டு.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோம். அதற்கு வட்டியே இல்லையே, வீட்டுக்கடனைத்தானே முதலில் அடைக்க வேண்டும்?

இல்லை, முன்பணத்தை முதலில் முடியுங்கள்.

வட்டி இல்லை என்பது பேச்சுக்குத்தான். முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனையும் நண்டையும் அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும். வெளியே என்ன விலை போனாலும் அவர் சொல்வதுதான் விலை. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தால்கூட ஒரு சீசனில் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பாருங்கள். அந்தக் குறைவுதான் வட்டி, நோட்டில் எழுதாத வட்டி. எத்தனை வருடம் போட்டாலும் அசலில் ஒரு ரூபாய் கழியாது.

எங்கள் வீட்டுக்காரர் படகு முதலாளியிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அது இருக்கிறவரை வேறு படகுக்கு மாற முடியாது, பங்கு குறைந்தாலும் கேட்க முடியாது. 2014 முழுக்க வீட்டுக்கடனில் ஒன்றும் கூடுதலாகப் போடாமல் அதைத்தான் அடைத்தோம். அடைத்த மறு மாதமே நல்ல படகுக்கு மாறினார். பின்னால் நாங்கள் கூடுதலாகக் கட்டியதெல்லாம் அந்த மாற்றத்தில் வந்த காசுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

நகையை விற்று அசலில் போடலாமா?

நான் போடவில்லை. அவசரத்துக்கு ஒரு மணி நேரத்தில் காசாவது நம் வீட்டில் நகை ஒன்றுதான். படகு பிடிபட்டாலும், ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் அதுதான் கை கொடுக்கும். நகையை அடகு வைத்து வீட்டுக்கடனில் போடவே போடாதீர்கள். நகைக்கடன் வட்டி பெரும்பாலும் வீட்டுக்கடன் வட்டியைவிடக் கூடுதல்தான்.

சீட்டு?

பதிவு செய்த சீட்டு என்றால் சரி. ஏலத்தில் தள்ளி எடுக்காமல் கடைசிவரை இருந்து, ஏறக்குறைய முழுத்தொகையாக எடுத்து அசலில் போடலாம். தெரிந்தவர் நடத்துகிறார் என்பதற்காக மட்டும் சேராதீர்கள்.

வீடு உப்புக்காற்றில் உரிகிறது. ரிப்பேர் பார்ப்பதா, கடனை அடைப்பதா?

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. என் பதில்: கம்பி தெரிந்துவிட்டால் முதலில் வீடு.

2019-ல் எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு மூலையில் பழுப்பாகக் கறை வந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். இரண்டு மாதத்தில் அந்த இடம் வயிறு மாதிரி உப்பியது. ஒருநாள் காலையில் இட்லிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு பொத்தென்று விழுந்தது. மேலே பார்த்தால் கம்பி. விரலால் தொட்டால் ஏடு ஏடாக உதிர்ந்தது. உப்பு ஈரம் சிமென்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். பிளந்த வழியாக இன்னும் உப்பு இறங்கும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் செலவு இரண்டு மடங்கு.

அந்த வருடம் அசலுக்கென்று வைத்திருந்த 70,000 ரூபாயும் கூரைக்குத்தான் போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. கடன் முடிகிறபோது வீடு நிற்க வேண்டும். அதற்கப்புறம் வருடத்துக்கு 10,000 ரூபாய் வீட்டுப் பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்கிவிடுகிறேன்.

இப்படிக் கட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுக்கும் குறை வராதா?

வந்தது. முதல் இரண்டு வருடம் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தேன். மூத்தவள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டபோது “கடன் முடியட்டும்” என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, கடன் எப்போது முடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? “எந்த வருடம்மா?” என்று கேட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பிள்ளைகளுக்கென்று மாதம் 500 ரூபாய் தனிக் கவரில் போட்டேன். அந்தக் கவரை அசலுக்காக ஒருநாளும் தொட்டதில்லை.

குறைத்தது என்று பார்த்தால்: வீட்டுக்காரர் வண்டியை மாற்றாமல் பழையதையே ஓட்டினார். டிவி பத்து வருடம் ஒன்றுதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேர்த்து ஒரு துணி. மொய் விஷயத்தில் மட்டும் குறைக்கவில்லை. நமக்கு வந்ததை நோட்டில் பார்த்து அதற்குக் குறையாமல் வைத்துவிடுவேன், மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய ஊர் இது. சாப்பாட்டுக்கு நமக்கென்ன குறை, சூடை மீனும் காரல் மீனும் இருக்கிற கரை. தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீனும், வெயில் மாதத்தில் நானே போட்டு வைத்த கருவாடும் இருந்தன.

அவருக்குக் கடலில் ஏதாவது ஆகிவிட்டால் கடன்?

கேட்கவே மனம் கூசும் கேள்வி, ஆனால் கேட்க வேண்டியது. கடன் பாக்கி அளவுக்காவது அவர் பெயரில் டேர்ம் இன்ஷூரன்ஸ் (இறந்தால் மட்டும் தொகை தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள், தொழில் கடல்தொழில் என்று மறைக்காமல் எழுதி. பேங்கில் கடனோடு சேர்த்துக் கொடுக்கிற காப்பீட்டின் பிரீமியத்தைக் கடனிலேயே ஏற்றிவிடுவது உண்டு. அதற்கும் இருபது வருடம் வட்டி கட்டுவோம். பிரதமரின் திட்டங்களில் 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு 2 லட்சம், 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு 2 லட்சம். இரண்டும் வருடக் கட்டணம். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் உண்டு. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வாருங்கள்.

வருமான வரிச் சலுகை போய்விடுமே?

பழைய முறையில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் 2 லட்சம்வரை கழிவு கிடைக்கும். புதிய முறையில் அது கிடையாது. நம்மில் பலர் வரி வரம்புக்குள்ளேயே வருவதில்லை, இதற்காகக் கடனை நீட்ட வேண்டாம்.

2020-ல் தவணையைத் தள்ளிப்போட்டோம். ஏன் காலம் கூடிவிட்டது?

கொரோனா நேரத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டாமல் இருக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி நிற்கவில்லை, பாக்கியோடு சேர்ந்துகொண்டது. நாங்களும் மூன்று மாதம் எடுத்தோம். அது தப்பென்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு அரிசிதான் முக்கியம். முடிந்தபோது அந்த மூன்று தவணையையும் கூடுதலாகக் கட்டிச் சரிசெய்துவிடுங்கள்.

கடனை முடிக்கிற அன்று என்னென்ன வாங்க வேண்டும்?

முதலில் குறிப்பிட்ட தேதிவரையான வட்டியோடு மொத்தப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தேதிக்குள் கட்டுங்கள், தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஏறும். கட்டியதும் கடன் பாக்கி இல்லை என்ற சான்று, நீங்கள் ஒப்படைத்த அசல் பத்திரங்கள் எல்லாம், கொடுத்து வைத்த காசோலைகள். பத்திரம் கொடுத்த அன்று பேங்கில் தந்த பட்டியலைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எங்களுக்குத் தாய்ப்பத்திரத்தின் ஒரு நகல் விடுபட்டிருந்தது. பட்டியல் இருந்ததால்தான் கேட்க முடிந்தது.

2023 டிசம்பரிலிருந்து, கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், செலவில்லை. அதற்கான தொலைபேசி எண் 14448.

தவணையைத் தானாகப் பிடிக்கிற ஏற்பாட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். கடன் முடிந்த அடுத்த மாதமும் எங்கள் கணக்கில் தவணையைப் பிடித்துவிட்டார்கள். திரும்ப வாங்க மூன்று தடவை நடந்தேன்.

பலர் விட்டுவிடுவது சார்பதிவாளர் அலுவலகம். கடன் வாங்கும்போது பத்திரத்தை ஒப்படைத்ததைப் பதிவு செய்திருப்பார்கள். அதை ரத்துசெய்யும் ரசீதையும் பேங்க் ஆள் வந்து பதிவு செய்து தர வேண்டும். செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் உங்கள் வீடு அடமானத்தில் இருப்பதாகவே காட்டும். பிள்ளைகள் பின்னால் விற்கப் போனாலோ பாகம் பிரிக்கப் போனாலோ அன்றைக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். பதிவானதும் ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாக இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசம்.

பத்திரத்தை வீட்டில் எப்படி வைப்பது?

எங்கள் பத்திரம் வந்தபோது குண்டூசி இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறத் துருக்கறை இரண்டு பக்கம் ஊறியிருந்தது. வீட்டுக்காரர் கையை இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவி, துண்டில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார். அவருடைய அப்பா போட்ட கையெழுத்து கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் காற்றில் குண்டூசி, கிளிப், ஸ்டேப்ளர் எதையும் பத்திரத்தில் விடாதீர்கள். மெதுவாகக் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் கட்டுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து பிள்ளைகளுடைய போனிலும் போட்டு வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் எடுத்துக்கொண்டு ஓட வசதியாக, ரேஷன் கார்டு, மீனவர் அட்டையோடு சேர்த்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையோடு இல்லாமல் மேல் தட்டில் வையுங்கள். எங்களுடையது பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் எடுத்து நிழலில் உலர்த்தி வைப்பேன்.